தப்பு பலகை மேலே

காஞ்சிபுரம்,
சனிக்கிழமை, மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பிறகு.

என் தங்கை மகளும், எங்கள் குடும்பத்திலேயே முதல் என்ஜினியருமான செல்வி தபஸ்ஸும் அவர்களுக்குக் காஞ்சிபுரம் பேனல் போர்டு காஜா மாமு எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் மாமி உம்முசல்மாவும் நல்லபடியாக இருக்கிறோம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, பெங்களூர்க் குளிரில் சளி பிடிக்காமல் இருக்க ஐந்து வேளையும் துஆ செய்கிறேன். என் முழங்கால் வலி முன்போலவே இருக்கிறது. அது போய்விட்டால்தான் உனக்கு எழுத வேண்டும், இருப்பதை என்ன எழுதுவது. நல விசாரிப்பு இத்தோடு முடிந்தது. இனி வருவதை உட்கார்ந்துகொண்டு படி.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். சோதனை முடிகிற வரையில் நாம் இருவரும் போனில் பேசக் கூடாது, மெசேஜ் கூடாது, மெயில் கூடாது, வீடியோ கூடாது என்று உன் கம்பெனி விதி போட்டிருக்கிறது. நாம் பேசிவைத்துக்கொண்டு ஊர்க்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுவோமாம். அந்த விதிப் பட்டியலை மூன்று தடவை படித்தேன். கடிதம் கூடாது என்று எங்கேயும் இல்லை. அப்படி ஒன்று உலகத்தில் இருப்பதே பட்டியல் போட்டவருக்கு ஞாபகம் வரவில்லை போலிருக்கிறது. எதிர்வீட்டு ஜெபகுமார் இன்று சாயங்காலம் ஐந்து மணி பஸ்ஸில் பெங்களூர் வருகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். கடிதத்தில் இன்னொரு சௌகரியமும் உண்டு. போன மாதம் நான் அனுப்பிய பதினாலு நிமிஷ வாய்ஸ் மெசேஜை நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்டதாக உன் அம்மாவே சொன்னாள். இதை அப்படி ஓட்ட முடியாது.

நீ ஊருக்கு வந்திருந்தபோது சொன்னதை நான் புரிந்துகொண்டவரை முதலில் எழுதிவிடுகிறேன். ஏதோ ஒரு அறிவியல் பூங்காவில், வருகிற ஜனங்கள் உட்கார்ந்து ஓட்டிப் பார்க்க ஒரு விண்கலத்தின் அறை வைக்கப்போகிறார்கள். அறுபது வருஷத்துக்கு முன்னால் வானத்துக்குப் போய்வந்த கலம். அதன் பலகையில் நூற்றுக்கு மேல் சுவிட்சு. வருஷக்கணக்காகப் படித்துப் பழகினவர்களுக்குத்தான் அது கைக்கு வரும். அதை இந்தக் காலத்தில் யார் உட்கார்ந்தாலும் தானாகக் கை போகிற மாதிரி மாற்றியமைக்க வேண்டும். உன் மேலதிகாரி சுவிட்சே வேண்டாம், முழுக்கக் கண்ணாடி, தடவினால் போதும் என்கிறார். நீயோ, சுவிட்சு இருக்கட்டும், அது மனுஷன் கைக்கும் புத்திக்கும் ஏற்ற இடத்தில் இருந்தால் போதும் என்கிறாய். வருகிற திங்கட்கிழமை பூங்காவிலிருந்து மூன்று பேர் என் பட்டறைக்கு வருவார்கள். விண்கலத்தைப் பற்றிப் படித்தே இராத பத்து ஊர்க்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக உட்கார வேண்டும். யாரும் சொல்லிக்கொடுக்காமல் எட்டுப் பேராவது கலத்தைப் பத்திரமாகத் தரையில் இறக்கிவிட்டால் உன் பலகை. இல்லாவிட்டால் கண்ணாடி. அன்றைக்கு மாமி வைத்த பிரியாணியை வாயில் வைக்காமல் கிளறிக்கொண்டே நீ சொன்னாய்: “இது போச்சுன்னா மாமு, ஆயுசுக்கும் அடுத்தவங்க வரைஞ்ச படத்துக்கு நான் ரிப்போர்ட் டைப் அடிச்சுக்கினு இருக்க வேண்டியதுதான்.” அது என் காதிலேயே இருக்கிறது.

இன்னொன்றும் சொன்னாய். “யாரு எதைத் தப்பா அழுத்தினாலும் திட்டாதீங்க மாமு. தப்பு அவங்க மேல இல்ல, பலகை மேல. ஒரே தப்பை நாலு பேரு பண்ணாங்கன்னா பலகைதான் அவங்கள அப்படிப் பண்ண வெச்சிருக்குது.” நாற்பது வருஷமாக அரிசி ஆலைக்கும் சாயப்பட்டறைக்கும் பலகை செய்து, ஒவ்வொன்றின் மேலும் ‘தொடாதே’ என்று சிவப்பில் எழுதி அனுப்பின என்னைப் பார்த்துச் சொன்னாய். அதோடு விட்டாயா, உன் மாமி பக்கத்தில் இருக்கும்போது சொன்னாய். மறுநாள் குழம்பில் உப்புக் கரித்தது. வாயைத் திறந்தேன். “தப்பு என் மேல இல்ல, உப்பு டப்பா மேல. சக்கரை டப்பாவும் அதுவும் ஒரே மாதிரி இருக்குது,” என்றாள். டீயிலும் அன்றைக்கு உப்புதான். இப்போது இந்த வீட்டில் யார்மேலும் எந்தத் தப்பும் கிடையாது.

பெட்டி வந்து சேர்ந்தது. “எல்லாத்தையும் பெட்டியில எழுதி வச்சிருக்கேன், படிச்சிட்டுச் செய்யுங்க மாமு,” என்று சொல்லியிருந்தாய் அல்லவா, திறந்ததும் மேலேயே ஒரு தாள் இருந்தது, படித்தேன். ‘படத்தில் உள்ளபடியே செய்யவும். ஒரு திருகைக்கூட இடம் மாற்றக் கூடாது. பத்துப் பேரை உட்காரவைத்து அவர்கள் செய்கிற தப்புகளை எழுதிவைக்கவும். சொல்லிக்கொடுக்கக் கூடாது.’ தாளின் கீழ் மூலையில் 1/2 என்று போட்டிருந்தது. அரை அங்குலப் பலகை என்று புரிந்துகொண்டேன். என் வழக்கம் முக்கால் அங்குலம். ஆனாலும் என்ஜினியர் சொன்னால் சரி என்று அரை அங்குலப் பிளைவுட் வாங்கி, மூன்று சீட்டு வைத்து, மேலே வெள்ளை பெயிண்ட் அடித்து, எட்டே நாளில் கலத்தை நிறுத்திவிட்டேன். நீ அனுப்பின கம்ப்யூட்டரையும் மாட்டினேன். பத்திரமாக இறங்கினால் பச்சை விளக்கு. இல்லாவிட்டால் ஆலைச் சங்குபோல் ஒரு சங்கு. அந்தச் சங்கு முதல் தடவை ஊதினபோது பக்கத்துச் சந்திலிருந்து இரண்டு பேர் தண்ணீர்க் குடத்தோடு ஓடிவந்தார்கள்.

கோபித்துக்கொள்ளாதே மகளே, மாமன் உள்ளதைச் சொல்கிறேன். உன் படம் எனக்குப் பிடிக்கவில்லை. மனுஷன் கைக்கு ஏற்றமாதிரி மாற்றியதே இப்படி இருந்தால் மாற்றாமல் இருந்தது எப்படி இருந்திருக்கும், அதில் ஏறிப்போன புண்ணியவான்கள் எப்படித் திரும்பிவந்தார்கள் என்று நினைத்து நினைத்து எனக்குத் தூக்கம் கெட்டது. ஒன்றும் தெரியாத என்னைக் கேட்டிருந்தால்கூட இதைவிட நன்றாக வரைந்திருப்பேன். இருந்தாலும் ஒரு திருகைக்கூட மாற்றவில்லை. அதாவது, முதல் வாரம் மாற்றவில்லை.

முதலில் உட்கார்ந்தது வசீம். பஸ் ஸ்டாண்டுக்கும் ஐயம்பேட்டைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற பிள்ளை, எந்த வண்டியைக் கொடுத்தாலும் ஓட்டுவான். ஏறி உட்கார்ந்தான், மீட்டரையெல்லாம் பார்த்தான், தலைசீவினான், அப்புறம் ஒரு காலை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு சும்மாவே இருந்தான். பத்து நிமிஷம் ஆயிற்று. சொல்லிக்கொடுக்கக் கூடாது என்பதால் நான் நோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கடைசியில் அவனே, “பாய், மூணு சீட்டு வச்சிக்கினு நான் ஒருத்தன் மட்டும் எப்டி எடுக்கறது, இன்னும் ரெண்டு பேரு ஏறட்டும்,” என்றான். இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியாமல் ‘ஆள் சேரவில்லை’ என்று எழுதினேன். வரிசையில் நின்றிருந்த காந்தாவையும் இன்னொருவரையும் ஏற்றி உட்காரவைத்த பிறகுதான் புறப்பட்டான். புறப்பட்டு என்ன பயன், எல்லாச் சுவிட்சையும் கீழே தட்டினான். நம் ஊரில் சுவிட்சைக் கீழே தட்டினால்தானே எரியும்? உன் படத்தில் தலைகீழ். மேலே தூக்கினால் எரியும், கீழே தட்டினால் அணையும். எரிந்துகொண்டிருந்த பதினோரு சுவிட்சையும் ஒன்றுவிடாமல் அணைத்தான். காற்று போயிற்று, கரண்டு போயிற்று, ரேடியோ போயிற்று, சங்கு ஊதிற்று. பின்னால் வந்த ஒன்பது பேரும் அதையேதான் செய்தார்கள். பத்துக்குப் பத்து.

அடுத்தது தேவசகாயம். இவரைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டும். சாயப்பட்டறையில் வேலை செய்கிறவர். ஒன்பது வருஷமாக என்னோடு பேசாதவர். அந்தப் பட்டறைக்கு நான்தான் பலகை செய்துகொடுத்தேன். தொட்டிக்குத் தண்ணீர் விட ஒரு பொத்தான், தொட்டியைக் காலிசெய்ய ஒரு பொத்தான். ஒருநாள் இவர் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை அழுத்திவிட்டார், மயில்கழுத்துச் சாயம் முழுக்க வாய்க்காலில் போயிற்று. நான் போய் அத்தனை பேர் முன்னால், “கண்ணு எங்க வச்சிருந்த?” என்று கத்தினேன். அதோடு பேச்சு நின்றது. இப்போது வந்ததுகூட எனக்காக இல்லை, மாமி போய்க் கூப்பிட்டதால். மனுஷன் உட்கார்ந்தார். புறப்படுவதற்கு ஒரு பெரிய பச்சைப் பொத்தான், அதன் மேல் ‘செல்’ என்று உன் கம்பெனி தமிழில் பேர் போட்டிருக்கிறது. தேவசகாயம் அதை நிதானமாக எழுத்துக்கூட்டிப் படித்தார். பாக்கெட்டிலிருந்து தன் செல்லை எடுத்து அதன் மேல் வைத்துவிட்டுக் கைகட்டிக்கொண்டார். உள்ளே செல் கொண்டுபோகக் கூடாது, இங்கேதான் வைக்க வேண்டும் என்று நினைத்தாராம். அவர் மட்டும் இல்லை, அன்றைக்கு ஆறு பேர் வைத்தார்கள்.

பக்கத்தில் சிவப்புப் பொத்தான் ஒன்று, மூடி போட்டது. ஆபத்து வந்தால் பயணத்தையே நிறுத்திவிட்டு வர. அதன் மேல் ‘கைவிடு’ என்று எழுதியிருந்தது. தேவசகாயம் அதையும் படித்தார். மூடியைத் திறந்தார், கையை விட்டார். சங்கு. “கைய விடுன்னு எழுதியிருக்குது, விட்டேன்,” என்றார் என்னைப் பார்க்காமல். எனக்குச் சிரிப்பு வந்தது, திட்டவும் வாய் வந்தது, அதோடு உன் வார்த்தையும் ஞாபகம் வந்தது. சாயப்பட்டறைப் பலகை கண்முன்னால் நின்றது. இரண்டு பொத்தானும் ஒரே அளவு, இரண்டும் கறுப்பு, நடுவில் ஒரு விரல்கூட இடைவெளி கிடையாது. ஈரக் கையோடு ஓடிவந்து அழுத்துகிற மனுஷனுக்கு எது எது என்று எப்படித் தெரியும்? “தேவசகாயம், அன்னைக்குத் தப்பு உங்க மேல இல்ல, என் பலகை மேல. நான்தான் அப்படிச் செஞ்சு வச்சேன்,” என்றேன். அவர் அந்தச் சிவப்பு மூடியைத் திறந்து திறந்து மூடினார். பிறகு, “அத்த நீங்க சொல்றதுக்கு வானத்துல போற வண்டியே வரவேண்டியதாப் போச்சே பாய்,” என்றார். அன்றைக்கு என் வீட்டில்தான் சாப்பிட்டார். மறுநாள் சாயப்பட்டறைக்குப் போய் ஒரு பொத்தானைப் பச்சையாகவும் பெரிதாகவும் மாற்றி, இன்னொன்றை ஒரு முழம் தள்ளி வைத்துவிட்டு வந்தேன். இதற்காகவே உனக்கு என் ஆயுசில் பாதியைக் கொடுக்கலாம்.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். இரண்டாவது வாரம் ஆரம்பித்ததும் அந்தச் ‘செல்’ என்கிற பேரை மட்டும் சுரண்டிவிட்டு ‘போ’ என்று எழுதினேன். ஒரு பேர்தானே, திருகு இல்லையே என்று நினைத்தேன். காந்தா வந்தாள். பட்டுப்புடவைக் கடையில் பிரித்துப்போட்ட புடவைகளை மடிக்கிற வேலை அவளுக்கு, நாளெல்லாம் மடித்தாலும் ஒரு மடிப்புப் பிசகாது. பொத்தான் வரைக்கும் விரலைக் கொண்டுபோனாள், நிறுத்தினாள். மறுபடியும் கொண்டுபோனாள், நிறுத்தினாள். “என்ன பாய் இது, கெளம்பற நேரத்துல போன்னு எழுதி வச்சிருக்கீங்க? திரும்பி வர வேணாமா?” என்றாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். வெறும் பிளைவுட்டு, பட்டறையைவிட்டு ஒரு அடி நகராது. ஆனாலும் ஒருத்தர்கூட அழுத்த மாட்டேன் என்றுவிட்டார்கள். அவள் சொல்வதும் நியாயம்தானே, நாம் வீட்டைவிட்டு இறங்கும்போது போறேன் என்றா சொல்கிறோம்? உடனே ‘போயிட்டு வா’ என்று மாற்றி எழுதினேன். காந்தா இரண்டு கையாலும் கும்பிட்டுவிட்டு அழுத்தினாள். அன்றிலிருந்து அந்தப் பொத்தானை ஒருத்தர்கூடத் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை.

முருகேசன் வந்ததுதான் பெரிய விபத்து. கைத்தறி நெசவுக்காரர். குழித்தறியில் குழிக்குள் காலை விட்டு, மிதியை மிதித்து மிதித்து முப்பத்தைந்து வருஷம் ஓட்டியவர். உட்கார்ந்ததும் கையை விட்டுவிட்டுக் காலால் கீழே துழாவினார். ஒன்றும் அகப்படவில்லை. “மிதி எங்க வச்சிருக்கீங்க?” என்றார். நான் நோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். “கால் சும்மா இருந்தா எனுக்குக் கை ஓடாது பாய், இங்கதான் எங்கியோ இருக்கணும்,” என்று சொல்லிக்கொண்டே ஓங்கி ஒரு மிதி மிதித்தார். அரை அங்குலப் பிளைவுட்டு. கால் அந்தப் பக்கம் வந்துவிட்டது. முக்கால் அங்குலமாக இருந்திருந்தால் தாங்கியிருக்கும் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். காலை வெளியே எடுக்க நான் ரம்பத்தைக் கொண்டுவந்தபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்த ஜனங்களுக்கு, கலத்துக்கு ஒரு கால் முளைத்திருப்பது தெரிந்தது. கருடசேவைக் கூட்டம்போல் கூடிவிட்டார்கள்.

ஓட்டை விழுந்தது விழுந்துவிட்டது, அதை அடைப்பதற்குப் பதில் அங்கே இரண்டு மிதி வைத்தால் என்ன என்று தோன்றிற்று. முருகேசனே தன் வீட்டில் சும்மா கிடந்த பழைய தறி மிதி இரண்டைக் கொண்டுவந்து பூட்டினார். வலது மிதித்தால் கலம் வலப்பக்கம் சாயும், இடது மிதித்தால் இடப்பக்கம். படத்தில் அதற்கு எட்டுச் சுவிட்சு. அதன் பிறகு உன் மாமி உட்கார்ந்தாள். கலத்தை முன்னே தள்ளுகிற பிடி இடது கைப்பக்கம் இருந்தது. “பிஸ்மில்லா சொல்லிட்டு இடது கையாலயா தொடுவாங்க?” என்று உடம்பைத் திருப்பி, வலது கையைக் குறுக்கே நீட்டி, நடுவில் இருந்த ஏழு சுவிட்சை முழங்கையால் தட்டிவிட்டுத்தான் அதைப் பிடித்தாள். சங்கு. “தப்பு...” என்று ஆரம்பித்தாள். “தெரியும்,” என்றேன். பிடி வலது பக்கம் போயிற்று. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று சும்மா விடுமா? எல்லாச் சுவிட்சையும் திருப்பி மாட்டினேன், கீழே தட்டினால் எரிகிற மாதிரி. ‘கைவிடு’ என்பதை எடுத்துவிட்டு ‘ஆபத்து என்றால் மட்டும்’ என்று எழுதினேன். வெள்ளை பெயிண்டைப் பார்த்து எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்கள், கதவு செருப்பில் இடித்து மூடாமல் நின்றது, அதனால் செருப்புக்கு வெளியே ஒரு தட்டு வைத்தேன். பின்னால் இருந்த இரண்டு சீட்டையும் கழற்றிவிட்டேன், வசீம் உடனே வண்டியை எடுத்தான்.

வியாழக்கிழமை நடந்ததைக் கேள். பத்துக்குப் பத்து, மகளே. ஒருத்தர்கூடத் தோற்கவில்லை, நான் ஒரு வார்த்தை பேசவில்லை, இருமக்கூட இல்லை. தேவசகாயம் இறக்கினார், காந்தா அலுங்காமல் இறக்கினாள், முருகேசன் கண்ணை மூடிக்கொண்டே இறக்கினார். உன் மாமி இறக்கிவிட்டு, “திருமுக்கூடல் ஆத்து மணல்ல வச்சிருக்கேன், போய்ப் பாருங்க,” என்றாள். பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெல்டிங் புகை என்று சொன்னேன். பட்டறையில் வெல்டிங்கே நடக்கவில்லை என்று காந்தா சொன்னாள்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து வந்து, திங்கட்கிழமைக்காக உன் தாளை இன்னொரு தரம் எடுத்துப் பார்த்தேன். ‘ஒரு திருகைக்கூட இடம் மாற்றக் கூடாது.’ வரப்போகிற மூன்று பேர் கையிலும் படம் இருக்கும். படத்தை ஒரு பக்கம், பலகையை ஒரு பக்கம் வைத்துப் பார்ப்பார்கள். ‘இது தபஸ்ஸும் வரைந்தது இல்லையே, யாரோ காஞ்சிபுரத்தில் தறி மிதியெல்லாம் வைத்துச் செய்திருக்கிறார்களே’ என்பார்கள். ஏமாற்று என்பார்கள். படம் சரியில்லாமல் தோற்றால் ஒரு தோல்வி, மாமன் செய்த தில்லுமுல்லால் தோற்றால் உனக்கு இரண்டு தோல்வி. சின்ன வயதில் என் பட்டறையில் உட்கார்ந்து ஒயருக்கு நிறம் பிரித்துக்கொடுத்த பெண், உன் பேர் என்னால் கெடலாமா?

அதனால் எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆரம்பித்து இன்று மத்தியானம் முடித்தேன். சுவிட்சு மேலே தூக்கினால் எரியும். பிடி இடது பக்கம். ‘செல்’ செல்லாகவும் ‘கைவிடு’ கைவிடுவாகவும் ஆயிற்று. ஓட்டையை அடைத்தாயிற்று. மூன்று சீட்டும் உள்ளே. முருகேசன் தன் மிதியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். காந்தா, “நல்லா இருந்தத ஏன் பாய் கெடுக்கறீங்க?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். இந்தத் தடவை ‘போயிட்டு வரேன்’ என்றும் சொல்லவில்லை. வசீம் மட்டும், “பரவாயில்ல பாய், நான் ரெண்டு ஆளோட வந்துடறேன்,” என்றான்.

ஆகவே திங்கட்கிழமை யாரும் இறக்கப் போவதில்லை என்பதை மிகுந்த வருத்தத்துடன் உனக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். மிஞ்சிப்போனால் ஒருத்தர், அதுவும் கை தவறிப் பட்டால். பத்து சங்கு ஊதும். அந்த மூன்று பேரிடமும், ஊர்க்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லாதே, அது பொய். பலகை சரியில்லை என்றும் சொல்லாதே, அது உன் வேலைக்கு ஆபத்து. காஜா மாமு சரியாகச் செய்யவில்லை என்று சொல். எனக்கு இனிமேல் பேர் கெட்டு என்ன ஆகப்போகிறது? ஆனால் தபஸ்ஸும், ஒன்றை மட்டும் மனதில் வை. உன் படம்தான் கோணலே தவிர உன் பேச்சு சத்தியம். தப்பு பலகை மேலேதான். அந்த ஒரு வார்த்தையால் எனக்கு ஒன்பது வருஷத்துச் சிநேகம் திரும்பக் கிடைத்தது. கண்ணாடி ஜெயித்தாலும் நீ தோற்றவள் இல்லை.

உன் அம்மாவுக்கு ஸலாம். உன்னோடு தங்கியிருக்கும் பெண்கள் எல்லாருக்கும் துஆ. மேலதிகாரிக்கு ஸலாம் சொல்ல மனம் வரவில்லை, அவருக்கும் அல்லாஹ் நல்ல புத்தியும் நல்ல கண்பார்வையும் கொடுக்கட்டும். உனக்கு நீண்ட ஆயுளும், கெடாத வேலையும், உன் பேச்சை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டாத மாப்பிள்ளையும் வாய்க்க துஆ செய்யும்,

உன் மாமு,
காஜா.

பின்குறிப்பு: மணி நாலரை. ஜெபகுமார் பையோடு வாசலில் நிற்கிறார், ஆனாலும் இதை எழுதாமல் கவரை ஒட்ட முடியாது. வெங்காயம் போட்டு வைக்கலாம் என்று உன் மாமி சற்று முன் உன் பெட்டியை எடுத்துக் கவிழ்த்துத் தட்டினாள். அடி மடிப்புக்குள்ளிருந்து இன்னொரு தாள் விழுந்தது. அதில் நீ எழுதியிருப்பது: ‘மாமு, முதல் தாளோடு இருக்கிற படம் அறுபது வருஷத்துக்கு முந்தைய பலகை, அப்படியே. எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்க்கத்தான். முதல் வாரம் அதைத் தொடாதீர்கள். இரண்டாவது வாரம் நம் ஊர்க்காரர்கள் கை எப்படிச் சொல்கிறதோ அப்படி மாற்றுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும். நான் வரைந்தால் என் கைக்குத்தான் சரிவரும். நீங்கள் மாற்றியதைத்தான் திங்கட்கிழமை பார்க்கப்போகிறார்கள்.’ அதன் கீழ் மூலையில் 2/2 என்று போட்டிருக்கிறது. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் விளங்கிற்று, அது அரை அங்குலம் இல்லை.

உன் படத்தைப் பற்றி மேலே எழுதினதையெல்லாம் அந்த அறுபது வருஷத்துக்கு முந்தைய ஆளுக்கு எழுதினதாக வைத்துக்கொள். மாமி கடைக்கே ஓடிப்போய்க் காந்தாவைக் கூட்டிவந்துவிட்டாள். முருகேசன் மிதியோடு தெருமுனையில் வருகிறார். தேவசகாயம் ஏற்கெனவே சுவிட்சைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார், நாளை மத்தியானத்துக்குள் பத்துக்குப் பத்து ஆக்கிவிடுவோம், நிம்மதியாகச் சாப்பிடு. கடிதத்தை மாற்றி எழுத நேரமில்லை. அதனால் கவரின் பின்பக்கம் ‘முதலில் பின்குறிப்பைப் படிக்கவும்’ என்று எழுதியிருக்கிறேன். அதைப் பார்க்காமல் முதலிலிருந்தே படித்து நீ இதுவரைக்கும் அழுதிருந்தால், தப்பு உன் மேல் இல்லை மகளே, கவர் மேல்.